தாய்மாமன் இல்லாத பெண்

என் கல்யாணப் படத்தில் அம்மா மாப்பிள்ளை பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். பெண்ணைப் பெற்றவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் சித்தப்பாவும் சித்தியும் இருக்கிறார்கள். அப்பா எங்கோ ஓரத்தில், பாதி முகம் மட்டும் தெரிய நிற்கிறார். வெளியூர்க்காரர்கள் யார் பார்த்தாலும் சித்தியைத்தான் என் அம்மா என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவைப்படாது. நான் கட்டிக்கொண்டது அம்மாவின் கூடப் பிறந்த தம்பியை. எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ பட்டுக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிற சீர் அது. அவருக்கு இருந்தது ஒரே அக்கா, அதாவது என் அம்மா. ஒரே ஆள் இரண்டு பக்கமும் உட்கார முடியாது என்பதால் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கிற வேலையைச் சித்தப்பா, சித்தியிடம் விட்டார்கள். மனைவி இல்லாமல் தனியாகத் தாரை வார்க்கக் கூடாதே என்று அப்பாவும் ஒதுங்கிக்கொண்டார். அன்றைக்கு அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

என்னைக் கட்டியவரை அவர், அவர் என்று எழுதப்போகிறேன். வாய்க்குப் பழகிப்போன சொல், அவ்வளவுதான். மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரைப் பெற்ற கொஞ்ச நாளில் அவருடைய அம்மா போய்விட்டாள். வளர்த்தது என் அம்மா. கல்யாணமாகி, மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்துக்கு வரும்போது தம்பியையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். நான் பிறந்தபோது அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்திருக்கிறார். காது குத்தும்போது அவர் மடியில்தான் உட்கார்ந்தேன். நான் பெரியவளானதும் பச்சைத் தென்னங்கீற்று வெட்டிவந்து குச்சு கட்டி, தாய்மாமன் செய்ய வேண்டிய தெரட்டிச் சீரைக் குறைவில்லாமல் செய்ததும் அவர்தான். பெண் அவருக்குத்தான் என்று ஊர் அப்போதே பேசி முடித்துவிட்டது. எனக்கும் அதில் வருத்தம் இல்லை. கோயமுத்தூரில் மில் தொழில் படித்து, அங்கேயே வேலை பார்த்து, பிறகு இங்கிலாந்தில் ஒரு மில்லுக்குப் போனவர். பெருமாட்டிப் பக்கம் அப்படி ஒரு மாப்பிள்ளை அன்றைக்கு வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் லீவில் வந்து கட்டினார். ஒரு மாதம் போலத் தோட்டத்தில் இருந்தோம். பிறகு, போனதும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் போகத்தான் ஆசைப்பட்டேன். அதை மறைக்க மாட்டேன். பனியைப் பார்க்கவோ ராணியைப் பார்க்கவோ அல்ல. எனக்கென்று ஒரு அடுப்பு, ஒரு கதவு, மாலையில் வேலை முடிந்து வருகிற புருஷன். கல்யாணமான பெண் பிறந்த வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன செய்யும் என்று எங்கள் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். வாய்க்காலில் துணி துவைக்கப் போனால் போதும். "ஏம்முணி, இன்னும் கூப்புட்டுக்கலியா?" என்பார்கள். அக்கறை மாதிரி இருக்கும். மறுநாளும் அதே ஆள் அதையே கேட்கும்போதுதான் அக்கறை எவ்வளவு என்று புரியும்.

அந்த நேரத்தில்தான் அவர் கடிதம் வந்தது. அவர் வேலை பார்த்த மில்லில் இடுக்கிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த தமிழர் ஒருவர் இருந்தார். கிறிஸ்தவர். பேச்சுவாக்கில் இவர், அக்கா மகளைக் கட்டிக்கொள்வதைப் பற்றி யாரோ ஒருவர் கதை போல அவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் அதிர்ந்துபோய், அது பெரும்பாவம், இங்கே சட்டமே அதை ஒத்துக்கொள்ளாது, பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்றிருக்கிறார். அந்த மனிதர் சொன்னது அவருடைய சபையின் கட்டுப்பாடு. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. கேட்டுக்கொண்ட இவர், ஒரு வக்கீலிடமோ ஆபீசிலோ விசாரிக்க வேண்டாமா? விசாரிக்கவில்லை. விசா அப்ளிகேஷனில் எனக்கும் அவருக்கும் ரத்த சம்பந்தமே இல்லை என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் எனக்கு ஜெயில் என்று எழுதி அனுப்பிவிட்டார்.

வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் எல்லோரும் உட்கார்ந்து யோசித்தார்கள். யோசிக்க ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. கல்யாணப் படம் கண்ணெதிரே சுவரில் தொங்கியது. பக்கத்து டவுனான சித்தூரில் சித்தப்பா வீட்டில் தங்கித்தான் நான் பள்ளிக்கூடத்துக்கும் காலேஜுக்கும் போனேன். சேர்த்துவிட்டவர் சித்தப்பா என்பதால் சர்ட்டிபிகேட்டில் கார்டியன் என்ற இடத்தில் அவர் பெயர். ஆகவே நான் சித்தப்பா மகள். சித்தி ஒற்றைப் பெண், கூடப் பிறந்தவர் யாரும் கிடையாது. ஆகவே எனக்குத் தாய்மாமனே இல்லை. அப்பா எனக்குப் பெரியப்பா, அம்மா பெரியம்மா. என்னைக் கட்டியவர் பெரியம்மாவின் தம்பி. எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள்! நான் என் அப்பா அம்மாவுக்கு ஒரே பிள்ளை. என்னை எடுத்துவிட்டால் அவர்கள் பிள்ளை இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்பா சொன்னார். "பெத்த புள்ளய இல்லீன்னு சொல்லோணுமா? அப்படியொரு சீமைக்கு ஆரு போகச் சொன்னா?"

"எந்தம்பிய செயில்ல போட்டுருவாங்கன்னு எழுதியிருக்குது. உங்களுக்கு அது பரவால்லீங்களா?" என்று அம்மா பாய்ந்தாள். "சும்மா வாயில சொல்றதுதானுங்க. சொன்னா இவ எம்மக இல்லீன்னு ஆயிருமா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு களத்துப் பக்கம் போய்விட்டார். சித்திக்கு மட்டும் உள்ளூரச் சந்தோஷம். அவளுக்கு இரண்டும் பையன்கள். பெண் வேண்டும், பெண் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள். காகிதத்தில் கிடைத்தால்கூடப் போதும் என்பது போல, அன்றிலிருந்து என்னைக் "கண்ணு" என்று இழுத்துக் கூப்பிட ஆரம்பித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மெட்ராசுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் சித்தப்பாவும் சித்தியும். விசா ஆபீசில் ஒரு வெள்ளைக்காரர் கேள்வி கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெட்ராஸ்காரர் ஒருவர் அதைத் தமிழில் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் புரியும். ஆனாலும் தமிழிலேயே பதில் சொல்லு, யோசிக்க நேரம் கிடைக்கும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அம்மாவுடன் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றார்கள். யாரும் இல்லை என்றேன். கணவர் உங்களுக்கு எந்த வகையில் சொந்தம் என்றார்கள். ரத்த சொந்தம் எதுவும் இல்லை, பெரியம்மாவின் தம்பி என்றேன். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற கஷ்டம்தான் இருந்ததே தவிர வேறு ஒன்றும் உறுத்தவில்லை. அந்த ஆள் தலையாட்டி எழுதிக்கொண்டார். ஊருக்கு வந்து விசாரிப்போம், பிறகு சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அவர்கள் வரப்போகிற செய்தி தெரிந்ததும் வீடு நாடகக் கொட்டகை ஆகிவிட்டது. சித்தப்பா குடும்பம் சித்தூரிலிருந்து தோட்டத்துக்கே வந்து தங்கியது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் அம்மாவே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். யார் கேட்டாலும் பொண்ணு சின்னவர் மகள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எல்லோரும் தாராளமாகத் தலையாட்டினார்கள். சர்க்கார் ஆட்களிடம் மாற்றிச் சொல்வதில் எங்கள் பக்கம் யாருக்கும் கூச்சம் கிடையாது. நிலக் கணக்கு எடுக்க வந்தவர்களிடம் எல்லோரும் பழகி வைத்திருந்த வித்தைதான்.

ஜீப் வந்தது. அதே வெள்ளைக்காரர், கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்து போயிருந்தார். அதே மெட்ராஸ்காரர். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு விசாரித்தார்கள். சித்தி தான் என்னைப் பெற்ற கதையை அவ்வளவு விவரமாகச் சொன்னாள். எந்த மருத்துவச்சி, என்ன வலி, நான் என்ன நிறத்தில் பிறந்தேன் என்றெல்லாம். வெளியில் நின்று கேட்ட எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்தது. அப்பாவைக் கேட்டபோது, "தம்பி மகளுங்க" என்றார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அம்மாவின் முறை. நான் ஜன்னலுக்கு வெளியே, உரல் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"உங்களுக்கு எத்தனை குழந்தைங்கம்மா?" என்றார் மெட்ராஸ்காரர்.

"கொழந்தைங்களே இல்லீங்க" என்றாள் அம்மா.

"பொறந்து இறந்துபோச்சா?"

"இல்லீங்க. எனக்குப் பொறக்கவே இல்லீங்க. எந்தம்பியத்தான் புள்ளையாட்டம் வளத்துனேன்."

தடுமாறாமல் சொன்னாள். அவள் கஷ்டப்பட்டுச் சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன். பிறக்கவே இல்லை என்பது யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காத வார்த்தை. அவளாகச் சேர்த்துக்கொண்டது. வெளியில் வந்து என்னைப் பார்த்ததும், "நல்லாச் சொன்னனா?" என்று மெதுவாகக் கேட்டாள். முகத்தில் ஒரு பெருமை வேறு. நான் எருமை கட்டியிருந்த மாட்டுச் சாலைக்குள் போய்விட்டேன். அங்கே நின்று அழுதேன். எருமைகளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

வேலை முடிந்தது என்று அவர்கள் கிளம்பினார்கள். வெயிலுக்கு ஆளுக்கொரு இளநீர் வெட்டிக் கொடுத்தார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். நல்ல மனிதர். கல்யாணம், காதுகுத்து என்றால் பந்தல்கால் நடுவதிலிருந்து எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர். மெட்ராஸ்காரர் இளநீரைக் குடித்துக்கொண்டே அவரிடம் பேச்சுக் கொடுத்தார். விசாரணை மாதிரி இல்லை, சும்மா கேட்பது போலத்தான் இருந்தது.

"பொண்ணு யாரு மகளுங்க?"

"சின்னவர் மகளுங்க" என்றார் இவர், சொல்லிக்கொடுத்தபடி.

"ஒண்ணு கேக்கணும். தாய்மாமன் இல்லாத பொண்ணாச்சே. வயசுக்கு வந்தப்ப சீரெல்லாம் யார் செஞ்சாங்க?"

அவ்வளவுதான். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு முகம் மாறிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைத் தாய்மாமன் இல்லாதவள் என்பது அவளை அநாதை என்பதற்குச் சமம். யாரோ என்னைக் கேவலமாகச் சொல்லிவிட்டார்கள் என்றே அவர் நினைத்தார்.

"ஆருங்க அப்படிச் சொன்னது? தாய்மாமன் இல்லாத பொண்ணா? குத்துக்கல்லாட்டம் இருக்கறாப்ல! இந்த ஊரே மூக்குமேல வெரல வெக்கறாப்ல சீரு செஞ்சாரு. நாந்தானுங்க கூடப் போயி கீத்து வெட்டுனேன். அவரேதானுங்க இப்பக் கட்டியிருக்கறதும்!"

மெட்ராஸ்காரர் இளநீரைக் கீழே வைத்தார். வெள்ளைக்காரரிடம் இங்கிலீஷில் ஏதோ நீளமாகச் சொன்னார். வெள்ளைக்காரர் அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அம்மா முகமும் என் முகமும் ஒரே அச்சு. யாராவது முதலிலேயே எங்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்திருந்தால் ஜீப்புக்கு ஆன பெட்ரோலாவது மிஞ்சியிருக்கும்.

ஜீப் போனதும் அம்மா பக்கத்துத் தோட்டத்துக்காரரைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் கடைசிவரை தான் செய்த தப்பு என்ன என்று புரியாமலே, "பொண்ணு சின்னவர் மகளுன்னுதான சொல்லச் சொன்னீங்க? சொன்னனே!" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் உண்மைதான். அறைகள் எத்தனை, எருமை எத்தனை, எந்த மூலையில் பிறந்தாள் என்று எல்லாம் யோசித்தவர்கள், தாய்மாமனைப் பற்றி வெளியாட்களிடம் என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை. தாய்மாமன் யார் என்பது கேள்வியாக வரும் என்றே எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

விசா கிடையாது என்று கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்த அதை நான்தான் படித்து வீட்டில் சொன்னேன். படித்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். திரும்பப் படித்தேன். தாய்மாமனைக் கட்டுவது இரண்டு பக்கத்திலும் வழக்கமாக இருந்து, கல்யாணம் நடந்த நாட்டில் அது செல்லுபடியானால், அதன் காரணமாக விசா மறுக்கப்பட்டிருக்காது. பெற்றோர் யார் என்பதில் பொய் சொன்னதால் மறுக்கிறோம். இதுதான் அதில் இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். என் அம்மா என்னைப் பெறவில்லை என்று சொன்னதற்குத் தேவையே இருக்கவில்லை.

நான் சத்தம் போட்டுப் படித்துச் சொன்னேன். அம்மா, "எந்தம்பிக்கு என்ன தெரியும், எவனோ சொன்னத நம்பிட்டான்" என்றாள். அப்போதுகூட தம்பி!

சரி, தெரியாமல் நடந்துவிட்டது, இனியாவது நேராகப் போவோம் என்று நானே அவருக்கு எழுதினேன். சட்டம் நம் பக்கம்தான், நீங்களும் உண்மையை எழுதி அனுப்புங்கள், மறுபடியும் அப்ளிகேஷன் போடுகிறேன் என்று எழுதினேன். அவருடைய பதில் வரும்வரை காத்திருக்கவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு மெட்ராசுக்குப் போனேன். இந்த முறை இங்கிலீஷிலேயே பேசினேன். நான் யார் மகள், அவர் யார், ஏன் பொய் சொன்னோம், எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைக்காரர் சந்தேகமாகத்தான் பார்த்தார். போன முறையும் இப்படித்தான் தெளிவாகப் பேசினீர்கள், இதை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்றார். குத்தல்தான், ஆனால் நியாயமான குத்தல். அப்பாவைக் கேட்டார்கள்.

"எம்மகளுங்க" என்றார் அப்பா. கேட்டது ஒரு தடவைதான். அவர் மூன்று நான்கு தடவை சொன்னார். "எம்மகதானுங்க. நாம்பெத்த மக."

அதற்குப் பிறகு அந்த வெள்ளைக்காரரின் பேச்சு கொஞ்சம் இறங்கியது. உங்கள் கணவரிடமும் கேட்டு எழுதுவோம், அவரும் இதையே சொன்னால் யோசிக்கலாம் என்றார். ரயிலில் வரும்போது அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நானும் நம்பினேன். இனிமேல் தடுக்க என்ன இருக்கிறது? அவர் இரண்டு வரி உண்மை எழுத வேண்டும், அவ்வளவுதானே.

அவர் எழுதினார். விசா ஆபீசுக்கு அவர் எழுதிய பதிலை எங்களுக்கு வந்த கடிதத்திலேயே சொல்லியிருந்தார்கள். முதலில் சொன்னதே உண்மை, மனைவி தனக்கு ரத்த சொந்தம் அல்ல, அவள் தன் அக்காவின் கொழுந்தனார் மகள், தன் அக்காவுக்குப் பிள்ளைகள் கிடையாது, மனைவி இப்போது சொல்வது தவறு என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். ஆகவே நான் பொய்க்காரி. உண்மையைச் சொல்லப் போனதற்காகப் பொய்க்காரி. கணவனும் மனைவியும் ஆளுக்கொன்று சொல்வதால் இனி இந்த அப்ளிகேஷனை எடுக்க மாட்டோம் என்று முடித்திருந்தார்கள்.

அவர் எனக்கு எழுதிய கடிதம் பின்னாலேயே வந்தது. அதில் ஜெயில் பயம் எதுவும் இல்லை. இங்கே இருக்கிற மற்ற இந்தியர்களிடமும் மில்லிலும் உன்னை வெளிச் சம்பந்தம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், அக்கா மகளைக் கட்டியவன் என்று தெரிந்தால் காறித் துப்புவார்கள், என் மானம் போய்விடும், உனக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று எழுதியிருந்தார். அதுவரை அவர் சட்டத்துக்குப் பயந்தார் என்று நினைத்திருந்தேன். அவர் பயந்தது நான்கு பேர் சிரிப்புக்கு. கேண்டீனில் யாரோ சிரித்துவிடக் கூடாது என்பதற்காக நான் இங்கே கிடக்க வேண்டும்.

அம்மாவுக்கு இரண்டு கடிதத்தையும் படித்துக் காட்டினேன். இரக்கமில்லாமல், ஒரு வரி விடாமல் படித்தேன். "என்னை அக்கான்னு சொல்லியிருக்கானா?" என்று கேட்டாள்.

"ஆமா. நீ அக்காதான். உனக்குத்தான் புள்ள இல்லியாம். நீ சொன்னதத்தான அவரும் எழுதியிருக்காரு?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்குப் பாவமாக இல்லை. இன்னும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது, சொன்னேன்.

பிறகு அவரிடமிருந்து கடிதம் குறைந்தது. வாய்க்கால் பக்கம் கேட்பவர்களும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கேட்டதைவிட அது மோசம். நான் மீனாட்சிபுரத்தில் பால் சொசைட்டியில் கணக்கு எழுதப் போக ஆரம்பித்தேன். கழுத்தில் தாலி இருந்தது. குளிக்கும்போது கையில் பட்டால்தான் ஞாபகம் வரும்.

எழுபதுகள் முடியப்போகிற சமயம், முன்கூட்டி ஒரு வரி எழுதிவிட்டு அவர் வந்தார். அம்மா காலையிலேயே சேவல் அடித்துக் குழம்பு வைத்தாள். நான் வேலைக்குப் போகவில்லை. நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன். கோட்டெல்லாம் போட்டு, முன்னந்தலை ஏறி, நன்றாகத்தான் இருந்தார். ஆசாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் மூவருக்கும் பொதுவாகப் பேசினார். ஒரு நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறாராம். வேறு பெயரில் புது பாஸ்போர்ட் எடுத்து, கோயமுத்தூரில் முன்பின் தெரியாதவர்கள் போல மறுபடியும் ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டால் பழைய அப்ளிகேஷன் தெரியவே தெரியாதாம்.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான் கேட்டேன்.

"நா வந்தா அங்க என்னைய ஆருன்னு சொல்லுவீங்க மாமா?"

"பொண்டாட்டின்னுதான். வேறென்ன சொல்லுவாங்க?"

"அதுக்கு முன்னால நா ஆரு?"

"தூரத்துச் சொந்தம்னு சொல்லிக்கலாம். அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"இங்க வெள்ளக்காரங்க ஆரும் இல்லீங்க. உங்க மில்லு ஆளுங்களும் இல்ல. எங்கம்மா நிக்கறாங்க. அவங்க ஆரு, நா ஆருன்னு இப்ப ஒருக்காச் சொல்லுங்க."

அம்மா சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "என்னக்கா இது, புள்ள கோர்ட்டாட்டம் கேக்குது? நீ சொல்லிக் குடுக்க மாட்டியா?"

"நா எங்கியும் வரலீங்க" என்றேன். "ஒரு பேருல போயி ஒரு பேருல பொழைக்க என்னால ஆகாது. உங்க அக்கா சமைச்சு வெச்சிருக்காங்க. சாப்புட்டுட்டுப் போங்க."

கோபித்துக்கொண்டு எழுந்து போவார் என்று நினைத்தேன். ஒரு அடி, ஒரு வசவு, ஒரு அழுகை, எதையாவது எதிர்பார்த்தேன். அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கை கழுவி, இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சாப்பிட்டார். குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு தடவை போடச் சொன்னார். அம்மா போட்டாள். அந்த மனிதருக்காக நான் வாய்க்கால் மேட்டில் தலை குனிந்து நடந்த வருஷங்களை நினைத்தேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

சாப்பிட்டு முடித்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கினார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. "வர்றேங்க்கா" என்றார்.

அவர் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து கப்பலேறிய நாள் வரைக்கும் அம்மா வாசல் தாண்டி வந்து, கண்ணுக்கு மறையும்வரை நின்று, "போயிட்டு வா சாமி" என்று சொல்லி அனுப்பியவள். அன்றைக்கும் வாசலுக்கு வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"போ, தம்பி" என்றாள்.

மீதியும் வரும் என்று அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.